புக்கிட் தங்காவில் பத்து நிமிடம்

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப் புலனத்தில் தலைவர் அருள் சாரின் செய்தி வந்து விழுந்தது. "நமது குமரேசன் இன்று காலை காலமானார். மற்ற விவரம் பின்னர்." நான் சிரித்தேன். இதை மறைத்துப் பயனில்லை. உங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் என் பதில் இன்னும் இருக்கிறது. "நல்லா நடிக்கிறீங்க சார். சவப்பெட்டிக்கு ஏசி மாட்டியாச்சான்னு அண்ணனையே கேளுங்க." கூடவே நான்கு சிரிக்கும் முகங்கள்.

குமரேசன் அண்ணன் வீடு வீடாகப் போய் ஏசி பொருத்துகிறவர். அதனால் அந்த நகைச்சுவை. அவர் செத்துப்போனதாக எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் என் கடைசிக் குறும்புக்கு அவர் என்னைப் பழிவாங்க வேண்டியது பாக்கி இருந்தது. "உன்னய நல்லா நம்ப வெச்சு ஒருநாள் அழ வைக்கிறேன் பாரு, வாலு" என்று முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தார். சரி, தலைவரையே கூட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டார், மனுஷன் பெரிய அளவில் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். பதினொரு நிமிடம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு அருள் சார் அழைத்தார். "அதை அழிச்சுவிடு பிள்ளை" என்றார். அவர் குரல் இருந்த விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. அழிக்கவில்லை. கை வரவில்லை.

இப்போது நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அதே அருள் சார் கேட்டிருக்கிறார். "சனம் சிரிக்கிற மாதிரி ஏதும் எழுதும். நீர்தானே அவருக்குக் கூட்டாளி" என்றார். முதலில் சிரிக்கிற மாதிரியே எழுதுகிறேன் சார். பிறகு என்ன வருகிறதோ அது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: நான் தர்ஷினி, படிவம் ஐந்து, வயது பதினேழு, சிரம்பான் பக்கம் ராசாவில் வீடு. அப்பாதான் என்னை இந்தக் குழுவில் சேர்த்தார். மூன்றாவது ஞாயிறு அவருடைய முட்டி ராஜினாமா செய்தது. நான் மட்டும் தங்கிவிட்டேன். ஞாயிறு காலை ஆறரைக்கு ராசாவில் கூடி, பந்தாய் வழியாக புக்கிட் தங்கா மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி கோலா கிளாவாங்கில் பசியாறிவிட்டு, வந்த வழியே திரும்பி, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். குமரேசன் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது, ஆனால் 'அங்கிள்' என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "அங்கிள்னா முட்டி வலிக்குதுலா" என்பார். ஆகவே அண்ணன்.

என்னைவிட அவருக்குக் கால் வேகம். அதனால் நான் மூளையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அவருடைய சைக்கிள் சட்டையின் பின்பாக்கெட்டில், வாழைப்பழத்துக்கு அடியில், ஒரு துண்டுக் கருவாட்டைச் செருகி வைத்தேன். செம்பனைத் தோட்டத்துக் குறுக்குச் சாலையில் நுழைந்ததும் நாய்கள் புறப்பட்டன. ஐந்து நாய். மற்ற பதினான்கு பேரை விட்டுவிட்டு அவரை மட்டும் துரத்தின. அண்ணன் எழுந்து நின்று மிதித்தார் பாருங்கள், கருவாடு, வாழைப்பழம், மனிதர் மூன்றும் ஒன்றாகப் பறந்தன. தோட்டத்து ஆபீஸ் தாண்டும் வரை நாய்களுக்கு அவருடைய பின்சக்கரத்தின் காற்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படி ஓட்டின மனுஷன் அவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அவர் பழிவாங்கியது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பசியாறும்போது யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய் என் சைக்கிளின் இருக்கையைக் கொஞ்சம், நகக்கண் அளவு, இறக்கி வைத்திருக்கிறார். முட்டி மடங்குவது அதிகமாகிக்கொண்டே வந்தது. நான் வளர்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். குழுவில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடம் சொல்லி புதுப் பள்ளிச் சீருடைகூடக் கேட்டேன். கடைசியில் கோலா கிளாவாங் ரொட்டி சானாய்க் கடையில், எல்லோர் முன்னிலும், அளவு நாடாவை எடுத்து என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்து காட்டினார். நான் அரை அங்குலம்கூட உயர்ந்திருக்கவில்லை. "வாலு, அவசரப்பட்டு ஏமாத்தினா அன்னிக்கே தெரிஞ்சு போயிடும். மெதுவா ஏமாத்தணும். ஏமாறுற ஆளே வந்து நமக்கு உதவி செய்வாங்க" என்றார். அன்று நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரே ஒருமுறை அவர் என்மேல் உண்மையாகக் கோபப்பட்டார். உங்களில் பாதிப் பேர் அன்று இருந்தீர்கள். வரிசையில் முன்னால் போகிறவர் சாலையில் குழியைக் கண்டால் கையைக் கீழே நீட்டி, மலாயில், "லோபாங்" என்று குரல் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அதையே சொல்லிக் கை நீட்டுவார். அப்படியே கடைசி ஆள்வரை போகும். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகு தெரியுமே தவிர சாலை தெரியாது. நான் ஒருநாள் முன்னால் இருந்தபோது குழியே இல்லாத இடத்தில் "லோபாங்" என்று கத்தினேன். பதினைந்து சைக்கிள்களும் பாம்புபோல வளைந்தன. எனக்குப் பார்க்க அழகாக இருந்தது. கடைசியில் வந்த ஒருவர் வளைந்த வேகத்தில் ஒரு லோரியின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

அண்ணன் என்னை ஓரங்கட்டி நிறுத்தினார். சத்தம் போடவில்லை. "இல்லாத குழிய காட்டுறதும் ஒண்ணுதான், இருக்குற குழிய காட்டாம போறதும் ஒண்ணுதான். பின்னால வர்றவன் உன்னய நம்பித்தான் கண்ண மூடிட்டு வர்றான்" என்றார். இரண்டு ஞாயிறு வரக்கூடாது என்று தடை போட்டார். அருள் சார் ஒரு ஞாயிறு போதுமே என்றதற்கும் ஒப்பவில்லை. நான் அந்த இரண்டு ஞாயிறும் வீட்டில் உட்கார்ந்து, அவர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். நான் யார் சொல்வதையும் அவ்வளவு எளிதில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

இந்த வருடம் நடுவில் அவர் ஸ்வீப்பர் ஆனார். குழுவில் எல்லோருக்கும் கடைசியில் வந்து, பின்தங்குகிறவர்களைக் கூட்டிவருகிற வேலை. யாரும் விரும்பாத வேலை, வேகமாக ஓட்டுகிறவருக்கு அது தண்டனை. "இளசுங்க முன்னால போகட்டும், நான் பின்னால பாத்துக்கிறேன்" என்று அவரே எழுந்து சொன்னபோது நாம் கைதட்டினோம். அருள் சார் அவருடைய தியாக மனப்பான்மை பற்றி இரண்டு நிமிடம் பேசினார். நான், "இத்தனை நாள் என்னய வாலுன்னீங்க, இப்ப நீங்கதான் வாலு" என்றேன். அண்ணன் தலையைக் குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அவரால் முன்னால் வர முடியவில்லை என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

அவர் ஸ்வீப்பர் ஆன சில வாரத்தில், புக்கிட் தங்கா ஏற்றத்தில் மூன்றாவது வளைவில், மூங்கில் புதருக்குப் பின்னால் நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒளிந்துகொண்டேன். கடைசியாக வருகிறவர் மேல் குரங்கு மாதிரிக் கத்திக்கொண்டு பாய்வது திட்டம். எல்லோரும் கடந்து போனார்கள். அண்ணன் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பாய்ந்தேன், கத்தினேன். அவர் திடுக்கிடக்கூட இல்லை. சாலையோரத் தடுப்பில் மெதுவாக உட்கார்ந்து குனிந்துகொண்டார். முகம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீம் வியர்வையில் கரைகிறது என்று நினைத்தேன்.

"பிடிச்சிட்டியா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"என்னத்த பிடிச்சேன்?"

"சிகரெட்டுலா. இங்க நின்னு ஒண்ணு ஊதிட்டுத்தான் மேல வருவேன். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா. நீ போ மேல. நான் ஏன் லேட்டுன்னு நீயே ஏதாச்சும் சொல்லி சமாளி. பொய் சொல்றதுல உன்னய விட்டா யாரு இருக்கா?"

எனக்குப் பட்டம் கொடுத்தது போலிருந்தது. என்னை எப்போதும் திட்டுகிற மனிதர் என்னிடம் ஒரு ரகசியத்தைக் கொடுக்கிறார். இடுப்புப் பையிலிருந்து சின்ன மாத்திரை ஒன்றை எடுத்து, நாக்கைத் தூக்கி அடியில் வைத்துக்கொண்டார். வாசம் தெரியாமல் இருக்க மிட்டாய் என்றார். எனக்கொன்று கேட்டேன். "இது பெரியவங்க மிட்டாய், உனக்குக் கெடையாது" என்று பையை மூடிவிட்டார்.

நம் குழுவின் விதி உங்களுக்குத் தெரியும். மலையுச்சியில் எல்லோரும் ஸ்வீப்பருக்காகக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகியும் அவர் வரவில்லை என்றால் இரண்டு பேர் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பேர் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று தொடங்கி ஒன்பது ஞாயிறும் நான் செய்த வேலை.

முதல் வாரம் டயர் பஞ்சர் என்றேன். இரண்டாவது வாரம் அவருடைய கையுறையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு ஒரு வாரம் தித்தி ஊருக்கு வழி கேட்ட லோரிக்காரர் அவரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அவர் மனைவி சுமதி அக்கா கைப்பேசியில் அழைத்துத் திட்டிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் மேலே நின்று சிரித்தீர்கள். ஒருமுறைகூட ஒரே பொய்யைத் திரும்பச் சொல்லவில்லை. அதில் எனக்குத் திமிர்கூட இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே அடுத்த நாளைக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அருள் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு பேர் இறங்குங்கோ" என்று வாயெடுக்கும்போது நான் குறுக்கே புகுந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் சிரித்தபடி ஏறி வருவார். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். சிகரெட் வாசம் ஒருநாளும் வந்ததில்லை. நல்ல மிட்டாய்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்பதாவது ஞாயிறு அவர் மூன்றாவது வளைவுவரைக்கும் வரவில்லை. இரண்டாவது வளைவிலேயே இறங்கிவிட்டார். நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். "இன்னிக்குப் பெரிய பொய்யா ஒண்ணு சொல்லு" என்றார். ரெண்டு சிகரெட்டா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். வழியில் நின்றுபோன காருக்கு ஏசி பார்த்துக் கொடுக்கிறார் என்று சொல்லவா என்றேன். "ஆங், அது நல்லாருக்கு" என்றார். இருபது நிமிடம் தாங்கியது அந்தப் பொய். அவர் அப்படிச் செய்கிற ஆள்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அவர் மேலே வந்தபோது விரல்கள் ஐந்திலும் கரி. தன் சைக்கிள் சங்கிலியைப் பிடித்துக் கையில் மையைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார், என் கதைக்குப் பொருத்தமாக. என்ன ஒரு தொழில் சுத்தம் என்று நான் மனதுக்குள் கைதட்டினேன். அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து நீங்கள் வெளியே கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது சுமதி அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டார். கையில் சின்னப் பழுப்பு நிறப் புட்டி. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்தது என்றார். இருதயக் குழாயில் அடைப்பு, இன்னும் ஆறு வாரத்தில் சிரம்பான் மருத்துவமனையில் பார்க்க நாள் குறித்திருந்தார்கள், அதுவரை மலையேற்றம் கூடாது என்று அட்டையில் எழுதியிருந்ததாம். அக்காவிடம் அவர், ஸ்வீப்பர் என்றால் பின்னால் மெதுவாக வருகிற வேலை, டாக்டரே ஒத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். அட்டையை அவர் போன பிறகுதான் அக்கா பார்த்தார். எனக்கு மூடியைத் திறந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. பெரியவர்கள் மிட்டாய்.

"நீதாம்மா அவருகூடப் பின்னால வர்றதா சொல்வாரு. ஏறும்போது எங்கயாச்சும் நின்னு நெஞ்சப் பிடிச்சாரா? நிக்கலன்னா, அவருக்கே தெரியாம வந்துச்சுன்னு மனச தேத்திக்குவேன்" என்றார் அக்கா.

"நிக்கல அக்கா" என்றேன்.

ஒன்பது பொய்யையும் அண்ணன் கேட்டதால் சொன்னேன். பத்தாவதை யாரும் கேட்காமலே சொன்னேன்.

அன்று முதல் எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தை நான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று அம்மா சொல்கிறார். நான் குறை சொல்லவில்லை, கேள்வி கேட்கிறேன். அண்ணே, இரண்டு ஞாயிறு என்னை வீட்டில் உட்கார வைத்தீர்களே, எதற்காக? பின்னால் வருகிறவன் நம்பித்தான் வருகிறான் என்றீர்களே, நான் உங்களுக்குப் பின்னால் வந்தவள் இல்லையா? நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, நேராக மேலே போய் அருள் சாரிடம் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் சிகரெட் என்றீர்கள். இந்தக் குழுவிலேயே யாரை ஏமாற்றுவது சுலபம் என்று பார்த்து, எல்லோரையும் ஏமாற்றத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளைத் தேர்ந்தெடுத்தீர்கள். என் திறமையைப் பாராட்டினீர்கள் என்று நினைத்தேன். அதைக் கடன் வாங்கி உங்கள் வலிமேல் போர்த்திக்கொண்டீர்கள். இறங்கி வந்திருக்க வேண்டிய இரண்டு பேரை என் வாயாலேயே நிறுத்தி வைத்தீர்கள்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். போன வாரம் அருள் சார் இந்த மலரின் முதல் பக்கத்தைக் காட்டினார். 'எந்த முன்னறிகுறியும் இல்லாமல்' என்று அதில் இருந்தது. சுமதி அக்கா சொன்னதாகச் சொன்னார். அக்காவுக்கு அதைச் சொன்னது நான். அன்று மலை உச்சியில் அருள் சார் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "குமரேசனுக்கே ஒண்டும் தெரியேல்லை, பிறகு நாங்கள் செக்கப்புக்குப் போய் என்ன பிரயோசனம்" என்றார். சார், உங்களுக்கு அறுபத்திரண்டு வயது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். அறிகுறி இருந்தது. ஒன்பது வாரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், எனக்குச் சொல்லப்பட்ட பெயரில் அதை அழைத்தேன்.

உங்களுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணனுடைய வேலைச் சாமான்களைத் துடைத்து, கூட வேலை செய்தவருக்குக் கொடுப்பதற்காகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வளைவு, எத்தனை நிமிடம், நான் என்ன சொன்னேன், விரலில் மை, எல்லாம். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஒன்பது வாரமும் சிகரெட்டுன்னுதான் சொன்னாரா?"

"ஆமாக்கா."

"ஒண்ணாச்சும் பத்த வெச்சு நீ பாத்தியா?"

"இல்லக்கா. வாசமே வந்ததில்ல."

அக்கா ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தார். "கல்யாணமான மறு வருஷம் விட்டாரு. இனிமே தொடமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு" என்றார். "அத மட்டும் காப்பாத்திட்டாரு பாரு." பிறகு அழுதார். நானும்தான். அவர் சொன்னபடியே என்னை நன்றாக நம்ப வைத்து அழ வைத்துவிட்டார். ஆனால் இதை அவர் பக்கம் ஒரு வெற்றியாக நான் எழுதிக்கொடுக்க மாட்டேன்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அவர்மேல ரொம்பக் கோபம் வருதுடி, உனக்கும் வருதா?" என்று கேட்டார். வருது அக்கா என்றேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு யாரிடமும் உண்மையாகப் பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவருடைய சைக்கிளை யாரோ வாங்கிக்கொள்ளட்டும், தலைக்கவசத்தை அக்கா வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒன்றுதான். பத்தாவது ஞாயிறு உங்களிடம் சொல்வதற்காக ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு ஆடு வருகிறது, ஒரு கல்யாண ஊர்வலம் வருகிறது, அரை மணி நேரம் நிச்சயம் தாங்கும். நான் கட்டியதிலேயே சிறந்தது அதுதான். திங்கட்கிழமையே அவருக்குச் செய்தி அனுப்பினேன், "அடுத்த வாரத்துக்கு சூப்பர் ஒண்ணு இருக்கு அண்ணே" என்று. "சொல்லாத, மேல வந்து கேட்டுக்கிறேன்" என்று பதில் போட்டார்.

அதை உங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.